ஏட்டில் ஏறாத நகைச்சுவை

நாடகத்தை முத்தமிழுள் ஒன்றாகப் போற்றும் நாம், அதனை ஆராயப் புகுங்கால் அச்சேறிய நூலையே நாடகமெனக் கொள்கிறோம். இவ்வழக்கத்தால் இசை நாடகத்தின் உயிர்ப்பகுதியாகிய நகைச்சுவை நம் கணக்கினின்றும் விடுபட்டுப் போகிறது.

கெடாக் கரைக்கு எதிரேயுள்ள பினாங்கிற்கு 1870களில் பார்சி நாடகக் குழுவினர் வந்து நடித்தனர். அவர்களைப் பின்பற்றி 1885இல் மாமாக் பூஷி என்பார் அங்கு மலாய்மொழிக் குழுவொன்றைத் தோற்றுவித்தார். பங்சாவான் எனப் பெயர்பெற்ற அந்நாடகம் தீபகற்பமெங்கும் பரவிற்று. அதன் நடிகர்க்கு எழுதிய உரையாடல் இல்லை. கதைப்போக்கைக் கேட்டறிந்து மேடையிலேயே பேசினர். காட்சிகளுக்கிடையே ஆடலும் பாடலும் கோமாளிக் கூத்தும் நிகழ்ந்தன.

பார்சி நாடகத்தின் தாக்கம் தமிழகத்திலும் உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) இயற்றிய ‘பவளக்கொடி’ முதலிய நாடகங்களில் பாடல்கள் ஏட்டில் நின்றன. ஆயின், ஸ்பெஷல் நாடகத்தின் தொடக்கத்திலேயே தோன்றிச் சபையைத் தன்வயப்படுத்தும் பபூனின் பேச்சோ அன்றிரவே பிறந்து அன்றிரவே மறைந்தது.

சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களின் கோயில் திருவிழா மேடையை இவ்விடத்து எண்ணிப் பார்த்தல் வேண்டும். வள்ளியும் அல்லியும் கடல் கடந்து வந்த கதைமாந்தர். அவர்கள் பாட்டை மாற்ற இயலாது. பபூன் ஒருவனே கங்காணியையும் கள்ளுக்கடையையும் தொட்டுப் பேச இடமுடையவன். அவன் அவ்வாறு பேசிய கணத்தில் பழங்கதை அத்தோட்டத்தின் கதையாகிவிடும். வெயிலிலும் மழையிலும் உழைத்தவர் தம் மேலோரைப் பார்த்து அச்சமின்றிச் சிரிக்க வாய்த்த இடம் அதுவே.

இந்நகைச்சுவையில் கொச்சை மிகுதி என்பார் உளர். அக்குறையை முற்றும் மறுப்பதற்கில்லை. நடிகரிடையே ஒழுங்கு குன்றியது கண்டே சுவாமிகள் 1918இல் மதுரையில் சிறுவர் நாடக சபையை அமைத்தார் என்பர். எனினும், பதிவு செய்யாத ஒன்றைக் கொச்சையென ஒதுக்குதல் திறனாய்வாகாது. கேளாமல் வழங்கும் தீர்ப்பாகும்.

தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்பிற்கும் மாறிவிட்டன. மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டனர். ஆகவே, நாடகப் பாடம் நடத்தும் ஆசிரியர் மாணவரிடம் ஒரு வினாவைக் கொடுத்தனுப்பலாம்: “பாட்டி, அன்று பபூன் என்ன சொன்னான்?” அதற்கு வரும் விடைகளைத் தொகுப்போமாயின், அதுவே நம் இசை நாடக வரலாற்றில் விடுபட்ட இயலின் முதற்பக்கமாகும்.