பினாங்குத் துறையும் ஒரு நாவலும்

யுத்தக் கதைகள் நம்மவரிடையே பெரும்பாலும் ஒரு கட்சியின் வெற்றி முழக்கமாகவே இருக்கின்றன. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ (1972) அப்படிப்பட்டதன்று. மைடானிலிருந்து தொங்கானில் புயலைக் கடந்து பினாங்கு சேரும் பாண்டியன், நேதாஜியின் படையிற் சேர்ந்தும், எந்த வல்லரசுக்கும் தன் புத்தியை அடகு வைப்பதில்லை. நாம் இந்நூலை மதிப்பது இதற்காகவே.

அவன் ஐயுறுவதற்கு இத்துறையிலேயே சாட்சிகள் உண்டு. சயாமுக்கெதிராகப் பாதுகாப்புக் கிடைக்குமென்று நம்பியே கெடா சுல்தான் 1786இல் கும்பினிக்கு இத்தீவில் இடங்கொடுத்தார். தீவு போயிற்று, பாதுகாப்போ வரவில்லை. 1821இல் சயாம் கெடாவைப் பிடித்தபோதும் கும்பினி கைகட்டி நின்றது. 1914இல் எம்டன் இங்கு வந்து மூழ்கடித்ததோ ரஷ்யக் கப்பலை! யாருக்கும் யாருக்கும் சண்டை, எவர் வாசலில் பாருங்கள். 1941 டிசம்பரில் ஜப்பானியர் குண்டு வீசியதும், ஆங்கிலேயர் வெள்ளையரை இரவோடிரவாகக் கப்பலேற்றிவிட்டு ஏனையோரைக் கைவிட்டனர். அன்று காப்பாற்றப்பட்டவர் யார்? எதிர்க்கரையான பட்டர்வொர்த்தில் இன்று ஐந்து நாடுகளின் 1971ஆம் ஆண்டு ஏற்பாட்டுக்குரிய தலைமையகம் இருக்கிறது. அதன் அருகே வாழ்வோர் இக்கேள்வியை மறத்தலாகாது.

குறையொன்றும் சொல்ல வேண்டும். சிங்காரத்தின் பார்வை வட்டிக்கடைக் கணக்கரையும் படைவீரரையுமே சுற்றுகிறது. சயாம் ரயில்பாதைக்கு ஓட்டிச் செல்லப்பட்டு மாண்ட பல்லாயிரம் தோட்டத் தொழிலாளருக்கு அதில் இடம் சிறிது. அந்த இடத்தை ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நிரப்புகிறது. நடையழகில் அது சிங்காரத்துக்கு ஈடாகாதெனினும், தோட்டத்துப் படிப்பகங்கள் இரண்டையும் சேர்த்தே வாங்கவேண்டுமென்போம்.