ஒரு ஜோடி காலுறை

ஆர்தர் மில்லரின் ‘ஒரு விற்பனையாளனின் மரணம்’ 1949-இல் நியூயார்க்கில் மேடையேறியது. அந்த நாடகத்தில் என் மனத்தைவிட்டு அகலாத பொருள் ஒரு ஜோடி காலுறை.

வில்லி லோமனின் மனைவி லிண்டா கிழிந்த காலுறையைத் தைத்துக்கொண்டிருக்கிறாள். பார்த்ததும் வில்லிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. தூக்கி எறியச் சொல்கிறான். காரணம் அவளுக்குத் தெரியாது. பாஸ்டன் ஓட்டலில் வேறொருத்திக்கு அவன் கொடுத்தவை புத்தம்புதுக் காலுறைகள். மூத்த மகன் பிஃப் அந்த அறைக்கதவைத் தட்டிய அன்றே அவன் படிப்பும் போயிற்று, அப்பா மேலிருந்த நம்பிக்கையும் போயிற்று. ஊசியையும் நூலையும் கொண்டே மில்லர் இத்தனையையும் கோத்துவிடுகிறார்.

ஆனாலும் வில்லியை வெறுக்க முடிவதில்லை. பக்கத்து வீட்டு சார்லி தரும் வேலையை வீறாப்பில் மறுப்பவன், அதே சார்லியிடம் வாரம் 50 டாலர் கடன் வாங்கி, சம்பளம் என்று வீட்டில் கொடுக்கிறான். கடைசியில், 20,000 டாலர் காப்பீட்டுப் பணம் மகனுக்குக் கிடைக்கட்டும் என்று காரை ஓட்டிப்போய்ச் சாகிறான்.

அடக்கம் நடக்கும் நாளில் வீட்டுக்கடனின் கடைசித் தவணையை லிண்டா கட்டி முடித்திருக்கிறாள். வீடு சொந்தமாகிவிட்டது, குடியிருக்கத்தான் ஆளில்லை.