அழைக்க முடியாத வீடு

பழைய வடிவங்களுக்குத் திரும்புகிறவர்களிடம் நமக்கு ஒரு சந்தேகம் இருந்துவந்திருக்கிறது. இருப்பது நல்லதுதான். இன்றும் ஒருவர் பிழையற்ற வெண்பா எழுதிவிடலாம். தளை தட்டவில்லை என்பதைத் தவிர அதைப் பற்றிச் சொல்ல ஏதுமில்லாமல் போகலாம். அந்த வடிவத்தைப் பிறப்பித்த நிர்ப்பந்தம் போய்விட்டது. வடிவம் மட்டும் மிஞ்சி நிற்கிறது. இந்தச் சந்தேகத்தை இலக்கியத்துக்கு வெளியே ஒரு விஷயத்தின் மேல் பிரயோகித்துப் பார்க்கும் சந்தர்ப்பம் எனக்கு வாய்த்தது. எட்டு மாதங்களாக ஒரு கணினி அறிவிப்புப் பலகையை நடத்திவருகிறேன்.

பி.பி.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்தப் பலகை, இணையம் பொதுமக்களிடம் வருவதற்கு முந்தைய ஒரு ஏற்பாடு. ஒருவர் தன் வீட்டுக் கணினியை மோடம் வைத்துத் தொலைபேசிக் கம்பியோடு பிணைத்துவைப்பார். மற்றவர்கள் தம் கணினியிலிருந்து அந்த எண்ணை அழைத்து, பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே நுழைவார்கள். முன்பு வந்தவர்கள் எழுதிவைத்ததைப் படித்து, தாமும் எழுதிவிட்டுப் போவார்கள். 1990களில் இணையம் பரவியதும் இவை அநேகமாக மூடப்பட்டன. இன்று அவற்றைத் திரும்ப நிறுவுகிறவர்கள் பல தேசங்களில் இருக்கிறார்கள். தொலைபேசிக்குப் பதிலாக டெல்நெட் என்ற பழைய இணைய வழி. சின்க்ரோநெட், மிஸ்டிக், எனிக்மா என்று இதற்கான மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. உள்ளங்கையளவு ராஸ்பெரி பை ஒன்று போதும்.

இவர்கள் திரும்ப நிறுவுவது எதை? என் கேள்வி இதுதான்.

முதல் பலகையைப் பார்ப்போம். 1978 ஜனவரியில் சிகாகோவில் பனி பெய்து ஜனங்களை வீட்டோடு கட்டிப்போட்டது. வார்ட் கிறிஸ்டென்சன், ராண்டி சூயெஸ் என்ற இருவர் ஒரு கணினி ஆர்வலர் சங்கத்தைச் சேர்ந்தவர்கள். சங்கத்தில் குண்டூசியால் அட்டைகளைக் குத்திவைக்கும் பலகை ஒன்று இருந்தது. அதைத் தொலைபேசிக்குள் வைக்க முடியுமா என்று யோசித்தார்கள். கிறிஸ்டென்சன் நிரல் எழுதினார், சூயெஸ் இயந்திரத்தைக் கட்டினார். பிப்ரவரி 16 அன்று அது பொதுவுக்குத் திறந்தது. அந்த ஆண்டு நவம்பரில் 'பைட்' பத்திரிகையில் இருவரும் அதைப் பற்றி எழுதியபின் பிறரும் இதேபோல் செய்யத் தொடங்கினார்கள். சூயெஸ் 2019இலும் கிறிஸ்டென்சன் 2024இலும் காலமானார்கள்.

இயந்திரம் சூயெஸின் வீட்டில் இருந்தது. அவர் வீடு நகருக்குள் இருந்ததால் அழைப்பவர்களுக்கு உள்ளூர்க் கட்டணம்தான். கம்பி ஒன்று, ஆகையால் ஒரு சமயத்தில் ஒருவருக்குத்தான் இடம். மோடத்தின் வேகம் விநாடிக்குச் சுமார் 30 எழுத்துக்கள். வரிக்கு 80 எழுத்தாக 24 வரிகள் கொண்ட திரை நிரம்ப ஒரு நிமிடத்துக்குச் சற்று மேலாகும். ஏறக்குறைய கண் வாசிக்கும் வேகம். எழுத்து வருவதும் அதை வாசிப்பதும் ஒரே காலத்தில் நடந்தன. இந்த அனுபவத்தை யாரும் திட்டமிடவில்லை. கம்பியின் வறுமை அதைத் தந்தது.

இப்போது மறுமலர்ச்சிக்காரர்களிடம் வருவோம். சின்க்டெர்ம் என்ற முனைய நிரலில் இணைப்பின் வேகத்தைச் செயற்கையாகக் குறைத்துக்கொள்ள வசதி உண்டு. கண்ணிமைக்கும் நேரத்தில் வந்துவிடக்கூடிய பக்கத்தை, வேண்டுமென்றே பிடித்துவைத்துச் சொட்டுச்சொட்டாக விடலாம். 1989இல் சேத் ராபின்சன் எழுதிய 'லெஜெண்ட் ஆஃப் தி ரெட் டிராகன்' என்ற விளையாட்டில் நாளொன்றுக்கு இத்தனை சண்டைகள்தான் என்று வரம்பு உண்டு. பின்னால் காத்திருப்பவருக்குக் கம்பியை விட்டுக் கொடுக்க வேண்டிய காலத்தில் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. இன்று ஒரே பலகையில் பலர் ஒரே சமயத்தில் நுழையலாம். வரம்பு மட்டும் அப்படியே இருக்கிறது. காரணம் செத்து, பழக்கம் உயிரோடிருக்கிறது. சடங்குகள் உண்டாவது இப்படித்தான்.

எல்லாவற்றையும் சடங்கு என்று தள்ளிவிடவும் முடியாது. 'ஆன்ஸி' சித்திரங்களைச் சொல்ல வேண்டும். ஐ.பி.எம். கணினியின் 256 குறிகளில் கட்டங்களும் அரைக்கட்டங்களும் புள்ளியிட்ட நிழல்களும் இருந்தன. எழுத்துக்குப் 16 நிறங்கள், பின்புலத்துக்கு 8. இவ்வளவுதான் கைச்சரக்கு. இதைக்கொண்டு 1990இல் தொடங்கிய 'ஆஸிட்' குழுவும் அதன் போட்டியாளர்களும் செய்தது, வரம்பைத் தன் இயல்பாகவே ஏற்றுக்கொண்ட கலை. மாக்கோலத்துக்கு அரிசிமாவும் தரையும் போல. அந்தச் சித்திரங்களை நல்ல பலகைகளில் இன்றும் காணலாம். ஆனால் அவற்றை முகப்பில் மாட்டிவைத்ததால் மட்டும் ஒரு பலகை பலகையாகிவிடாது. எத்தனையோ பலகைகளுக்குள் போய்ப் பார்த்தேன். முகப்பு ஜொலிக்கிறது, செய்திப் பகுதியில் கடைசியாக எழுதியவர் போய் ஒரு வருஷம் ஆகியிருக்கிறது. வாசல் கோலம் மட்டும் புதிது, வீட்டில் ஆள் இல்லை.

என் சொந்த முயற்சிக்கு வருகிறேன். சின்க்ரோநெட்டை நிறுவ இரண்டு மாலைகள் ஆயின. செய்திப் பகுதிகளுக்குப் பெயரிட்டு, புதிதாக வருபவரிடம் என்னென்ன கேட்பது, யாருக்கு எந்த அளவு அனுமதி என்றெல்லாம் தீர்மானித்தேன். பத்திரிகை தொடங்குவது போன்ற ஒரு கிளர்ச்சி. பிறகு நண்பர் ஒருவரிடம் முகவரியைக் கொடுத்து உள்ளே வரச் சொன்னேன். அவரால் வர முடியவில்லை. ஒரு வாரம் என் அறியாமையில்தான் குற்றம் தேடினேன். கடைசியில் விஷயம் தெரிந்தது. என் வீட்டுக்கு இணைய இணைப்பு தருகிற கம்பெனி ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பொதுவாகப் பங்கிட்டிருந்தது. உள்ளேயிருந்து நான் உலகத்தில் எங்கு வேண்டுமானாலும் போகலாம். வெளியேயிருந்து ஒருவர் என் கதவைத் தேடி வர வழியில்லை.

இதற்குத் தொழில்நுட்பக் காரணம் உண்டு. பழைய முறையிலான இணைய முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துபோனது. புதிய முறையில் எண்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் என் வீட்டில் அவர்கள் பொருத்திய பெட்டி அங்கும் வெளி அழைப்பை மறித்தது. நிலையான முகவரி வேண்டுமானால் வியாபாரக் கணக்காக மாற்றிக்கொண்டு தனிக் கட்டணம் செலுத்தலாம் என்றார்கள். வீட்டில் இருப்பவனுக்கு எதற்கு முகவரி என்ற கேள்வி, மரியாதையான அந்தப் பதிலுக்குள் இருந்தது.

நான் யோசிக்கத் தொடங்கியது அப்போதுதான். தொலைபேசிக் கம்பிக்கு இரண்டு திசைகள் உண்டு. அழைக்கிறவனும் அழைக்கப்படுகிறவனும் ஒரே வகைச் சந்தாதாரர்கள். சூயெஸ் சிகாகோவில் எவரிடமும் அனுமதி கேட்டுப் பிரசுரகர்த்தர் ஆகவில்லை. வீட்டில் போன் இருந்தது, அது மணி அடித்தது. இன்று என் இணைப்பின் வேகம் அவருடையதைவிட லட்சக்கணக்கான மடங்கு. ஆனால் அது பெறுவதற்கான குழாய். யாரையும் வரவேற்க அதில் ஏற்பாடு இல்லை. நாம் பேச வேண்டுமானால் பெரிய கம்பெனிகள் கட்டிவைத்திருக்கும் மண்டபங்களுக்குப் போய் அங்கே பேச வேண்டும். யார் குரல் யாருக்குக் கேட்க வேண்டும் என்பதை அவர்களுடைய கணக்கு தீர்மானிக்கும். மறுமலர்ச்சிக்காரர்கள் நீலத் திரையையும் மெதுவான எழுத்தையும் மீட்டுவிட்டார்கள். அழைக்கக்கூடிய வீட்டைப் பலரால் மீட்க முடியவில்லை. அதை இழந்தோம் என்ற பிரக்ஞைகூட அவர்களுடைய பேச்சில் அதிகம் தென்படுவதில்லை. நானும் கடைசியில் எங்கோ தூரத்து ஊரில் மாத வாடகைக்கு ஒரு கணினியை அமர்த்திப் பலகையை அங்கே வைத்தேன். இதை மறைப்பதற்கில்லை.

அங்கே முதலில் வந்தவர்கள் மனிதர்கள் அல்ல. டெல்நெட்டின் 23ஆம் கதவைத் திறந்த சில நிமிடங்களுக்குள் தட்டத் தொடங்கிவிட்டார்கள். 'ரூட்', 'அட்மின்' என்று வரிசையாகப் பெயரும் கடவுச்சொல்லும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்க்கும் தானியங்கிகள். 2016இல் 'மிராய்' என்ற நச்சு நிரல் இதே கதவு வழியாகத்தான் காமிராக்களையும் வீட்டு இணைப்புப் பெட்டிகளையும் லட்சக்கணக்கில் கைப்பற்றியது. அதன் சந்ததிகள் ஓயாமல் அலைகின்றன. இரவு முழுதும் தட்டப்படும், யாரும் நுழையாத வாசல். அந்தப் பதிவேட்டைக் காலையில் படிப்பது விசித்திரமான அனுபவம்.

ஃபைடோநெட்டைப் பற்றிச் சொல்லாமல் இந்த வடிவத்தை மதிப்பிட முடியாது. 1984இல் சான் பிரான்சிஸ்கோவில் டாம் ஜென்னிங்ஸ் தன் பலகையையும் பால்டிமோரில் இருந்த இன்னொரு பலகையையும் இணைத்தார். கட்டணம் குறைந்த நள்ளிரவில் ஒரு கணினி மற்றதை அழைத்து, பகலில் சேர்ந்த கடிதங்களைக் கட்டாக ஒப்படைத்துவிட்டு வைத்துவிடும். இப்படிக் கைமாறிக் கைமாறி ஒரு கடிதம் சில நாட்களில் கண்டம் கடந்துவிடும். 1990களின் நடுவில் இந்த வலையில் 30,000க்கும் அதிகமான பலகைகள் இருந்தன. மிகச் சுருங்கியிருந்தாலும் அது இன்றும் இயங்குகிறது. பிறரை மிதமிஞ்சி எரிச்சல்படுத்தாதே, நீயும் சுலபத்தில் எரிச்சல்படாதே என்பதுதான் அதன் விதிகளின் சாரம். எழுத்தாளர்கள் கூடும் எந்த இடத்திலும் எழுதிமாட்டத் தகுந்தது. அராஜகவாதியான ஜென்னிங்ஸ் 1988 முதல் சில ஆண்டுகள் 'ஹோமோகோர்' என்ற சிறுபத்திரிகையையும் இன்னொருவரோடு சேர்ந்து நடத்தினார். இரண்டும் ஒரே மனோபாவத்தின் வெளிப்பாடுகள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தன் காசில், தன் விலாசத்தைப் பின்னட்டையில் போட்டு, கேட்கிறவர்களுக்கு மட்டும் அனுப்புவது.

இனி நம் விஷயம். இந்த ஏக்கம் நமக்குச் சொந்தமானதல்ல என்பதை ஒப்புக்கொள்வதுதான் நேர்மை. பலகைகள் அங்கே செழித்த 1980களில் இங்கே தொலைபேசிக்கு விண்ணப்பித்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தோம். பொதுமக்களுக்கு இணையம் 1995 ஆகஸ்டில் வந்தபோது பலகைகளின் காலமே முடிந்துகொண்டிருந்தது. இந்தியாவில் சில நகரங்களில் நடந்தவை விதிவிலக்குகள். என் வயதுக்காரன் நீலத் திரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டால், அது இரவல் பெருமூச்சு.

பலகையின் அழகும் நமக்கு ஆகிவரவில்லை. அந்த 256 குறிகளில் தமிழுக்கு இடம் கிடையாது. யூனிகோடை ஏற்கும் மென்பொருள்கள் இப்போது வந்துவிட்டன என்றாலும், திரையின் அமைப்பு சம அகலக் கட்டங்களால் ஆனது. நம் எழுத்துக்கள் சம அகலம் கொண்டவை அல்ல. 'கொ' என்று எழுதினால் மெய்க்கு முன்னும் பின்னும் ஒரு குறி வேண்டும். 'ஔ' ஒரு கட்டத்துக்குள் அடங்க மறுக்கும். சிகாகோவில் பலகை திறந்த அதே 1978இல், அக்டோபரில், தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை பிறப்பித்து 'லை', 'ணை' போன்றவற்றை ஒழுங்குபடுத்தியது. அச்சுக்கும் தட்டச்சுக்கும் அதனால் வந்த லாபம் தெரிந்ததுதான். கட்டத்துக்குள் அடக்க அதுவும் போதவில்லை. என் பலகையில் தமிழ் எழுதியவுடன் சட்டங்கள் கோணின, வரிகள் விளிம்பைத் தாண்டின. இரண்டு மாதம் போராடிவிட்டு, சட்டங்கள், நிழல்கள், நிறங்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். இப்போது வெறும் வரிகள், ஒன்றன்கீழ் ஒன்றாக. பழைய பலகைகளை நேசிக்கிற வெளிநாட்டவர் ஒருவர் உள்ளே வந்து பார்த்துவிட்டு, இதில் பழமை ஏதும் இல்லையே என்று எழுதினார். அவரைப் பொறுத்தவரை அது குறை. எனக்கு அப்போதுதான் பலகை என்னுடையதாயிற்று என்று பட்டது.

இதெல்லாம் வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கு, ஏழு பேர் படிப்பதற்கு எதற்கு இத்தனை பாடு என்று ஒரு நண்பர் கேட்டார். சிறுபத்திரிகை வாசகர்களுக்கு இந்தக் கேள்வி பரிச்சயமானது. நாங்கள் நிஜமாகவே ஏழு பேர்தான். எழுதுகிறவர்கள் நால்வர். ஒரு கேள்விக்குப் பதில் வர மூன்று நாள் ஆகலாம். ஒருவர் தன் கவிதையைப் பதிந்துவிட்டு, யாரும் எதுவும் சொல்வதற்குள், இரண்டு நாள் கழித்துத் தானாகவே கடைசி வரியை எடுத்துவிட்டார். கவிதை மேம்பட்டது. உடனுக்குடன் பாராட்டு கிடைக்கும் மண்டபத்தில் அந்த வரி பிழைத்திருக்கும்.

எண்ணிக்கையைவிட எனக்கு முக்கியமாகப்படுவது இன்னொன்று. மூன்று மாதங்களுக்கு முன் ஒருவர், இன்னொருவரின் மொழிபெயர்ப்பைப் பற்றிக் கடுமையாக எழுதினார். அதில் தனிப்பட்ட வசை இருப்பதாக எனக்குத் தோன்றியது. ராத்திரி அதை நீக்கிவிட்டேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு அவர் என் வீட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டார். எந்த வார்த்தை வசை, சொல்லுங்கள் என்றார். விதிமுறை என்று சொல்லி ஒளிந்துகொள்ள எனக்குப் பின்னால் ஒரு கம்பெனி இல்லை. அவருடைய கடிதத்தை வரிவரியாக எனக்கே வாசித்துக் காட்டினார். இரண்டு வார்த்தைகளைத் தவிர மற்றதெல்லாம் விமர்சனம்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அன்று மாலை அதை முழுசாகத் திரும்பப் போட்டேன். அந்த இரண்டு வார்த்தைகளைப் பற்றின என் ஆட்சேபத்தையும் கீழே எழுதினேன். அவர் இன்னும் அதற்குப் பதில் எழுதவில்லை.