எண் என்னும் புதுப்பட்டம்

'பிறரைப் பார்த்துப் பொருமாதே, மனத்தை அடக்கு, கிடைத்ததில் நிறைவு கொள்!' இன்ஸ்டாகிராம் படங்களைக் கண்டு கண்டு தன் முகத்தையே வெறுக்கத் தொடங்கிய பெண்ணுக்கு இன்று வழங்கப்படும் உபதேசம் இது. கேட்க இனிமை; ஆராய்ந்தாலோ, பழைய சரக்கு! பசித்தவனைப் பார்த்து, 'எல்லாம் உன் தலைவிதி' என்று ஓதினார்களே, அதன் மறுபதிப்பன்றோ இது? அன்று பழி விதியின்மேல் விழுந்தது; இன்று அவள் மனத்தின்மேல் விழுகிறது. ஏணியைக் கட்டியவன் மட்டும் இரு காலத்திலும் தப்பித்துக்கொள்கிறான்!

ஒப்பிட்டுப் பார்ப்பது மனித இயல்பு, நாம் மறுக்கவில்லை. அளக்க வேறு கோல் இல்லாதபோது மனிதன் பிறரை வைத்தே தன்னை அளக்கிறான் என்று அமெரிக்க உளவியல் அறிஞர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954ஆம் ஆண்டிலேயே விளக்கினார். ஆனால் அன்று ஒப்பிட அகப்பட்டவர்கள் அண்டை வீட்டாரும் பள்ளித் தோழரும். அவர்தம் சிரிப்பையும் கண்டோம், சிடுசிடுப்பையும் கண்டோம். இன்றோ, பல படங்களுள் ஒன்றைப் பொறுக்கி, பருவை மறைத்து, கருமையை வெளுப்பாக்கி அனுப்பப்பட்ட முகத்தோடு, தூங்கி எழுந்த தன் முகத்தை நிறுத்திப் பார்க்கிறாள் ஒரு சிறுமி. தீர்ப்பை எழுதிவைத்துவிட்டு நடத்தும் விசாரணை இது!

சான்று கேட்போர் உண்டு. இன்று மெட்டா என வழங்கும் பேஸ்புக் நிறுவனம் தனக்குள் நடத்திய ஆய்வுகளை, வால் ஸ்ட்ரீட் ஜர்னல் ஏடு 2021 செப்டம்பரில் அம்பலப்படுத்தியது. தம் உடலைப் பற்றி மனம் குன்றியிருந்த பதின்வயதுப் பெண்களில் 100க்கு 32 பேர், இன்ஸ்டாகிராம் அவ்வேதனையை மிகுத்தது என்றனர். ஆவணங்களை வெளிக்கொணர்ந்த பிரான்சிஸ் ஹாகென் அம்மையார், அக்டோபர் 5ஆம் நாள் அமெரிக்க செனட் குழுவின் முன் சாட்சியமளித்தார்.

நிறுவனத்தின் மறுமொழியையும் நேர்மையோடு எடைபோடுவோம். 12 துன்பங்களைப் பற்றிக் கேட்டோம். தனிமை, துயரம் உள்ளிட்ட 11இல் எங்களால் தீமை என்றோரைவிட நன்மை என்றோரே மிகுதி என்றது அது. நன்று! எஞ்சிய அந்த ஒன்று எது? உடல் தோற்றம்! விளம்பரத்தால் வாழும் கடையில், 'நான் அழகில்லை' என்ற ஏக்கம் அவளுக்கு நோய், கடைக்காரனுக்கு முதல்!

பெயரின் வாலில் தொங்கிய சாதிப்பட்டத்தை நீக்குக என்று 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. ஏன்? ஆளை அறியாமலே, இவன் மேல், இவன் கீழ் என்று அளக்கும் கோல் அது. இன்று படத்தின்கீழ் தொங்கும் 'லைக்' எண்ணும் அத்தகைய கோலே. சாதியின் கொடுமையும் இதுவும் ஒரே எடை என்று கூறோம். ஆனால் மனிதனைப் படியில் நிறுத்திப் பார்க்கும் தொழில் ஒன்றுதான்.

அவ்வெண்ணை மறைக்கும் வசதியை 2021 மே மாதம் இன்ஸ்டாகிராம் அளித்தது. விரும்பினால் மறைக்கலாமாம்! தனியே மறைப்பவள் தோற்றவளாகக் கருதப்படுவாள். பட்டம் துறந்த தோழர்களோ ஒளிந்து துறக்கவில்லை. மேடையேறி, கூட்டாகத் துறந்தனர். ஆகவே துறப்பது பெருமையாயிற்று. வகுப்பறையும் விடுதியும் நண்பர் குழாமும் அவ்வழி நடக்கட்டும். வேதனை முற்றியோர் மனநல மருத்துவரை நாடுவது இழிவன்று என்பதையும் உரக்கச் சொல்வோம்.

குறை அந்தச் சிறுமியின் முகத்தில் இல்லை. அதை அளக்க வந்த கோலில் இருக்கிறது. கோலை முறிப்போம்!