விடியலுக்கு முன் கோள்கள்

வீட்டுத் தொலைநோக்கியில் கோள்களைப் பார்க்க விடியலுக்கு முந்தைய ஒன்றரை மணி நேரம் மிகவும் ஏற்றது. பகலில் சூடேறிய தரையும் மொட்டை மாடியும் அதற்குள் ஆறிவிடுகின்றன. வெப்பக் காற்று மேலெழுவது குறைவதால் பிம்பம் அதிகம் அலையாமல் நிற்கிறது. தொலைநோக்கியை அரை மணி நேரம் முன்பே வெளியில் வைத்தால் அதன் கண்ணாடியும் குளிர்ந்துவிடும்.

காலை வானுக்கு வந்த புதிதில் வெள்ளி பெரிய, மெல்லிய பிறையாகத் தெரியும். பூமியை விட்டு அது விலகிச் செல்லச் செல்ல, பிறை தடித்து உருவம் சிறுக்கும். 1610-இல் இந்த மாற்றத்தைக் கண்ட கலிலியோ, வெள்ளி சூரியனைச் சுற்றுகிறது என்பதற்கு அதையே சான்றாகக் கொண்டார். இருட்டில் அதன் ஒளி கண்ணைக் கூசச் செய்யும். கிழக்கு வெளுக்கும்போதுதான் பிறையின் விளிம்பு துல்லியமாகும்.

வியாழனில் 60 மடங்கு உருப்பெருக்கத்திலேயே இரண்டு பழுப்புப் பட்டைகளும், ஏறக்குறைய ஒரே கோட்டில் நான்கு நிலவுகளும் தெரியும். அது 10 மணி நேரத்துக்குள் தன்னைத்தானே ஒருமுறை சுற்றிவிடுவதால், பட்டையிலுள்ள கறை அரை மணியில் இடம் மாறியிருக்கும். சனியின் வளையத்துக்கு 30 மடங்கு போதும்.

புதன் சூரியனை விட்டு 28 பாகைக்கு மேல் விலகாது. தமிழ்நாட்டில் கோள்களின் பாதை அடிவானத்திலிருந்து செங்குத்தாக எழுவதால், ஐரோப்பாவில் இருப்பவர்களைவிட இங்குள்ளவர்களுக்கு அது எளிதில் அகப்படும்.

சூரியன் உதிக்கும் முன்பே தொலைநோக்கியை மூடிவிட வேண்டும். வடிகட்டி இன்றி அதன் வழியே சூரியனைப் பார்த்தால் பார்வை நிரந்தரமாகப் பறிபோகும்.