மகன் ஓட்டிய வண்டி

ஹஜ்ஜுக்குப் புறப்படும் தந்தையையும் அவருடன் செல்லும் மார்க்கப் பற்றில்லாத மகனையும் வைத்துப் படமெடுத்தால், கதை எங்கே போய் முடியும் என்று நம்மில் பலர் முன்கூட்டியே சொல்லிவிடுவர். கஃபாவைக் கண்டதும் மகன் கண்ணீர் மல்கத் திருந்துவான், தந்தை அவனை அணைத்துக்கொள்வார், படம் நிறைவுறும். இஸ்மாயீல் ஃபெரூகி 2004இல் இயக்கிய ‘ல கிரான் வொயாஜ்’ என்னும் பிரெஞ்சுப் படம் அந்த எளிய வழியில் செல்லவில்லை. ‘பெரும் பயணம்’ என்பது அத்தலைப்பின் பொருள். மொராக்கோவில் பிறந்து பிரான்சில் வளர்ந்த இவ்வியக்குநரின் முதல் முழுநீளப் படம் இது. இவருடைய தந்தையும் ஒருகாலத்தில் காரிலேயே ஹஜ்ஜுக்குச் சென்றவர். அவ்வாண்டு வெனிஸ் திரைவிழாவில் சிறந்த முதல் படத்துக்கான பரிசு இதற்குக் கிடைத்தது.

கதை மிகச் சிறிது. தென் பிரான்சில் குடியேறி வாழும் மொராக்கோக் குடும்பம். முதியவர் காரிலேயே மக்கா செல்ல முடிவு செய்கிறார். மூத்த மகன் குடித்துவிட்டு வண்டியோட்டி உரிமத்தை இழந்துவிட்டதால், அந்தப் பொறுப்பு இளையவன் ரெதாவின் தலையில் விழுகிறது. அவனுக்கோ பள்ளியிறுதித் தேர்வு நெருங்குகிறது. முஸ்லிமல்லாத பெண்ணொருத்தியிடம் காதலும் உண்டு. தந்தையின் சொல்லைத் தட்ட இயலாமல் வெறுப்புடனேயே வண்டியில் ஏறுகிறான். பழைய பெஜோ கார். அதன் ஒரு கதவு மட்டும் வேறு நிறம். இத்தாலி, பால்கன் நாடுகள், துருக்கி, சிரியா, ஜோர்தான் என ஏறத்தாழ ஐயாயிரம் கிலோமீட்டர் தொலைவை அந்த வண்டிக்குள்ளிருந்தே நாம் காண்கிறோம்.

தந்தை மொராக்கோ அரபியில் பேசுகிறார். மகன் பிரெஞ்சு மொழியில் விடை சொல்கிறான். ஒருவர் சொல்வது மற்றவருக்கு விளங்கவே செய்கிறது. ஆனால் பெரும்பாலும் எவரும் தம் மொழியை விட்டு மற்றவர் மொழிக்கு வருவதில்லை. ஒரே கூரையின்கீழ் இத்தனை ஆண்டுகள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது. மகன் உறங்கும் வேளையில் அவனுடைய கைத்தொலைபேசியைத் தந்தை குப்பைத்தொட்டியில் எறிந்துவிடுகிறார். கேட்டால் விளக்கம் இல்லை. இவரை நல்லவராகக் காட்டப் படம் அவசரப்படவில்லை. பிடிவாதக்காரர், சில நேரம் கொடியவராகவும் தெரிகிறார். தந்தையாக நடித்த முஹம்மத் மஜ்து (இவர் 2013இல் காலமானார்) முகத்தை அசைக்காமலேயே இவை யாவற்றையும் உணர்த்துகிறார்.

விமானத்தில் ஏன் போகவில்லை என்று மகன் கேட்கும் இடம் உண்டு. கடல்நீர் வானுக்கு எழும்போதுதான் தன் உவர்ப்பை இழக்கிறது. அதுபோல் மனிதன் மக்காவுக்குச் செல்லும் நெடுவழியே அவனைத் தூய்மைப்படுத்துகிறது என்னும் கருத்தில் தந்தை விடை தருகிறார். இந்த உவமையைப் பாராட்டாதவர் இல்லை. எனக்கோ அதைத் தொடர்ந்து அவர் சொல்லும் சிறு நினைவே பெரிதாகப் படுகிறது. அவர் சிறுவனாயிருந்தபோது அவருடைய தந்தை கோவேறு கழுதையில் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டாராம். திரும்பி வருபவரை முதலில் காணும் பேறு தமக்கே வாய்க்க வேண்டுமென்று சிறுவன் நாள்தோறும் குன்றின்மேல் ஏறித் தொடுவானத்தைப் பார்த்திருந்தானாம். அந்தக் கடுகடுத்த முதியவருக்குள் ஒரு பிள்ளை காத்து நிற்பதை ரெதா அப்போதுதான் காண்கிறான்.

குறைகள் இல்லாமலில்லை. பால்கன் சாலையில் வண்டியேறிக்கொள்ளும் கறுப்புடைக் கிழவி கதைக்குள் ஒட்டாமல் ஏதோ குறியீடாக உட்கார்ந்திருக்கிறாள். இஸ்தான்புல் பகுதி சற்றே இழுபடுகிறது. பாலைமணலில் மகன் புதைவதாக வரும் கனவு, நாம் ஏற்கெனவே அறிந்ததை இன்னொருமுறை சொல்கிறது. ஆனால் வழியில் ஓரிடத்தில் நடப்பதை மறக்க முடியாது. கையிருப்பு கரைந்துவிட்ட நிலையில், பிள்ளையோடு வந்து கையேந்தும் பெண்ணுக்குத் தந்தை காசு கொடுக்கிறார். மகன் பாய்ந்து அதைப் பறிக்க முயல்கிறான்; கன்னத்தில் அறை விழுகிறது.

மக்கா எல்லையில் வண்டிகள் கூடுகின்றன. தந்தை இஹ்ராம் அணிந்து மற்ற ஹாஜிகளுடன் நடந்து செல்கிறார். மகன் வண்டியருகே தங்கிவிடுகிறான். இக்காட்சிகள் மெய்யான ஹஜ் காலத்தில், மெய்யான ஹாஜிகளின் நடுவே எடுக்கப்பட்டவை. இரவு வருகிறது, தந்தை வரவில்லை. வெள்ளைக் கடலாய்ப் பெருகும் அக்கூட்டத்தில் ரெதா அவரைத் தேடி அலைகிறான். எல்லோரும் ஒரே ஆடையில் இருக்கும் ஊரில் எந்த முகத்தை அடையாளம் காண்பது? இறுதியில் மய்யித்துகள் வரிசையாய்க் கிடத்தப்பட்ட அறைக்கு அவனை அழைத்துச் செல்கிறார்கள். போர்வைகள் ஒவ்வொன்றாய் விலக்கப்படுகின்றன. தந்தையைக் கண்டதும் அவன் அழுகிறான். இறப்பு நேர்ந்த விதம் நமக்குக் காட்டப்படவில்லை. கடைசிச் சொல் என்று எதுவும் இல்லை. மகனுக்குக் கிடைக்காதது நமக்கும் கிடைக்கக் கூடாது என்று இயக்குநர் கருதியிருக்க வேண்டும், அது சரியே.

அவன் அங்கேயே தொழத் தொடங்கியிருக்கலாமே என்று சிலர் குறைப்படலாம். அவன் செய்வது வேறு. வண்டியை விற்கிறான், விமான நிலையம் செல்ல வாடகைக் காரில் ஏறுமுன், கையேந்தி நிற்கும் பெண்ணுக்குக் காசு கொடுக்கிறான். எந்தப் பேச்சுமில்லாமல் அந்தக் காட்சி கடந்துபோகிறது.

தந்தைக்குப் படம் நெடுகிலும் பெயரே கிடையாது. தொடக்கத்தில் வாசலில் நின்று வழியனுப்பிய தாயோ அதன்பின் வருவதேயில்லை. இதுவும் ஒரு குறையென்றே நினைத்தேன். ஆனால் படம் முடிந்த பிறகு மனம் அவளிடமே போகிறது. தென் பிரான்சில் அந்த வாசலில் இனி அவளல்லவா வழிபார்த்து நிற்பாள். மாதக்கணக்கில் நடந்து திரும்பும் கோவேறு கழுதையில் அல்ல, சில மணி நேரத்தில் பறந்து, ரெதா மட்டும் போய் இறங்குவான். அவளிடம் அவன் எதைச் சொல்வான், எந்த மொழியில் சொல்வான் என்பதைப் படம் காட்டவில்லை.