எழுவாய் இல்லாத செய்திகள்

சென்ற தவணையில் தரம் 10 மாணவர்களுக்கு வாக்கிய உறுப்புகள் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பாடநூல் வாக்கியங்களில் பிள்ளைகளுக்கு அலுப்புத் தட்டிவிட்டது. ஆகவே அன்றைய பத்திரிகையிலிருந்து ஒரு குற்றச்செய்தியை வெட்டிக் கரும்பலகையில் ஒட்டி, எழுவாயையும் பயனிலையையும் பிரித்துக் காட்டும்படி சொன்னேன். ஒரு வாக்கியம், ‘ஆரம்பகட்ட விசாரணைகளிலிருந்து தெரியவருகிறது’ என்று முடிந்தது. பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழும்பி, "சேர், தெரியவருகிறது எண்டா ஆருக்குத் தெரியவருது?" என்று கேட்டான். வகுப்பு முழுக்கச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே சொல்லை ஒரு காலத்தில் காசுக்கு எழுதியவன் நான்.

ஊடக அறம் பற்றி எங்கள் சூழலில் பேச்சுக்குப் பஞ்சமில்லை. ஆண்டுதோறும் மே 3 வந்தால் ஊடக சுதந்திர தினம். கருத்தரங்கு, பொன்னாடை, சான்றிதழ். விதிகளுக்கும் குறைவில்லை. 1973ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கப் பத்திரிகைப் பேரவைச் சட்டம் இன்றும் இருக்கிறது. 1998இல் ஊடக சுதந்திரமும் சமூகப் பொறுப்பும் பற்றிய கொழும்புப் பிரகடனம் வெளியானது. 2003இல் இலங்கைப் பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழு உருவானது. பத்திரிகை ஆசிரியர் சங்கத்தின் ஒழுக்கக்கோவை துல்லியத்தை வலியுறுத்துகிறது. தவறு நேர்ந்தால் திருத்தச் சொல்கிறது. ஒருவரின் அந்தரங்கத்தை மதிக்கவும், இனத்தையோ மதத்தையோ காட்டிப் பாதகமாக எழுதாதிருக்கவும் சொல்கிறது. ஊரிலுள்ள எந்த நிருபரை எழுப்பிக் கேட்டாலும் இவற்றில் பாதியை ஒப்புவிப்பார்.

அப்படியானால் பிழை எங்கே நடக்கிறது? விதிகளை அறியாமையால் நடப்பது கொஞ்சம்தான். பெரும்பாலான பிழை வாக்கியத்துக்குள்ளே நடக்கிறது என்பதே என் வாதம். எழுவாயை மறைக்கும் இடத்தில், தேவையில்லாத அடையை ஒட்டும் இடத்தில், செய்தியின் இரண்டாம் பாதியை எழுதாமல் விடும் இடத்தில் அறம் தவறுகிறது. இவை மூன்றும் பேனையின் தவறுகள். ஆகவே தமிழ் படித்த ஒருவன் இவற்றைப் பற்றிப் பேசலாம் என்று துணிகிறேன்.

மறைந்த எழுவாய்

தோன்றா எழுவாய் எங்கள் இலக்கணத்தில் உண்டு. ‘வந்தான்’ என்றால் வந்தவன் ஓர் ஆண் என்று விகுதியே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் ‘கூறப்படுகிறது’ என்பதில் கூறியவர் யார் என்று விகுதிக்கும் தெரியாது. ‘நம்பப்படுகிறது’, ‘அறியமுடிகிறது’, ‘பிரதேசவாசிகள் தெரிவிக்கின்றனர்’ எல்லாம் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். செய்தி சொன்னவர் ஒளிந்துகொள்வதற்கு மொழி கட்டிக்கொடுத்த வீடு இது. ஆபத்துக்குள்ளாகக்கூடிய ஒருவரின் பெயரை மறைக்க இந்த வீடு தேவைப்படும் சந்தர்ப்பங்கள் உண்டு, அதை மறுக்கவில்லை. நாளாந்தம் எல்லோரும் அதற்குள்ளேயே குடியிருப்பதுதான் பிரச்சினை.

இதன் விளைவை எங்கள் சமூகம் 2019இல் கண்டது. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் நடந்து ஒரு மாதம். மே 13இல் குருநாகல் மாவட்டத்திலும் மினுவாங்கொடையிலும் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டுப் பத்து நாள். மே 23ஆம் திகதி ‘திவயின’ பத்திரிகையின் முன்பக்கத்தில், தவ்ஹீத் ஜமாஅத்தைச் சேர்ந்த வைத்தியர் ஒருவர் 4,000 சிங்கள பௌத்தத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்று செய்தி வந்தது. வைத்தியரின் பெயர் அதில் இல்லை. தகவல் தந்தவரின் பெயரும் இல்லை. பெயர் இல்லாத ஒருவர், பெயர் இல்லாத இன்னொருவரைப் பற்றிச் சொன்னதற்கு முன்பக்கம் கிடைத்தது. பெயரைச் சமூக ஊடகங்கள் நிரப்பிக்கொண்டன. மறுநாள் குருநாகல் வைத்தியர் ஷாபி கைதானார். கைதுக்குச் சொல்லப்பட்ட காரணம் சொத்துச் சேர்த்த விதம் பற்றிய சந்தேகம்; மக்களின் வாயில் நின்றதோ 4,000 என்ற இலக்கம்.

அந்த இலக்கத்தை ஒரு நிருபர் மேசையில் வைத்துக் கணக்குப் பார்த்திருந்தாலே போதும். சத்திரசிகிச்சைக் கூடத்தில் வைத்தியர் தனியே நிற்பதில்லை. மயக்கமருந்து வைத்தியர் இருக்கிறார், தாதியர் இருக்கின்றனர், சிற்றூழியர் இருக்கின்றனர். அத்தனை பேரின் கண்முன்னே, யாருக்கும் தெரியாமல், 4,000 தடவை? இந்தக் கேள்வியைக் கேட்க மருத்துவப் பட்டம் தேவையில்லை. குற்றப் புலனாய்வுத் திணைக்களம் அந்த ஊழியர்களிடம் வாக்குமூலம் பெற்ற பின்னர், குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை என்று நீதிமன்றத்துக்குச் சொன்னது. ஜூலை 25இல் வைத்தியருக்குப் பிணை கிடைத்தது. தடுப்புக்காவலிலும் விளக்கமறியலிலும் கழிந்தது இரண்டு மாதம். பிந்தி வந்த சம்பள நிலுவை 26 இலட்சம் ரூபாவுக்கு மேல். மருந்துத் தட்டுப்பாடு உச்சத்தில் இருந்த 2022இல் அதை அத்தியாவசிய மருந்து வாங்கவென்று அவர் சுகாதார அமைச்சுக்கே கொடுத்துவிட்டார். இதற்கு எந்தப் பத்திரிகை அந்த மே 23இன் எழுத்தளவில் தலைப்புக் கொடுத்தது?

செய்தி கொண்டுவருபவன் யார் என்று பார், வந்ததைத் தீர விசாரி, அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பின்னர் வருந்தாதே என்பது சூரா ஹுஜுராத்தின் 6ஆம் வசனம் தரும் கட்டளையின் சாரம். ஹதீஸ் கலை அறிஞர்கள் ஒரு வாக்கியத்தை ஏற்பதற்கு முன் அதைச் சொன்னவர், அவருக்குச் சொன்னவர் என்று சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் சோதித்தார்கள். அந்த மரபின் வாரிசுகள் ‘கூறப்படுகிறது’ என்பதை எப்படிக் கேள்வியின்றி விழுங்குகிறோம் என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

ஒட்டிய அடை

‘வைத்தியர் கைது’ என்பது ஒரு செய்தி. ‘முஸ்லிம் வைத்தியர் கைது’ என்பது வேறு செய்தி. முதலாவதில் ஒரு மனிதர் கைதாகிறார். இரண்டாவதில் அவரோடு ஒரு சமூகமும் கூண்டில் ஏறுகிறது. பெயருக்கு முன்னால் நிற்கும் ஒரு சொல் இந்த வேலையைச் செய்துவிடுகிறது. கொவிட் காலத்தில் சில ஊடகங்கள் நோயாளியின் மதத்தை இப்படித்தான் அறிவித்தன. நோய் பரவியதற்கே ஒரு சமூகம் காரணம் என்ற எண்ணம் அதில் வளர்ந்தது. உலக சுகாதார நிறுவனம் நல்லடக்கத்தையும் அனுமதித்திருந்தது. இருந்தும் 2020 ஏப்ரலில் தகனம் கட்டாயமாக்கப்பட்டது. பிறந்து 20 நாளான பாலகனின் ஜனாஸாகூட அந்த டிசம்பரில் எரிக்கப்பட்டது. 2021 பெப்ரவரி வரை இது நீடித்தது. அரசாங்கம் 2024 ஜூலையில் அமைச்சரவைத் தீர்மானம் எடுத்து மன்னிப்புக் கோரியது. ஊடகம் ஒன்றின் மன்னிப்பு என் கண்ணில் படவில்லை.

இதை வாசித்துவிட்டு ‘அவங்க அப்படித்தான்’ என்று நாம் ஆறுதல் அடைந்துவிடக் கூடாது. எங்கள் தமிழ்ப் பத்திரிகைகளை எடுத்துப் பாருங்கள். துஷ்பிரயோகத்துக்குள்ளான ஒரு சிறுமியின் பெயரை நிருபர் எழுதமாட்டார். ஒழுக்கக்கோவையைக் காப்பாற்றியாயிற்று. ஆனால் ஊரின் பெயர் இருக்கும், பாடசாலையைச் சுட்டும் அடையாளம் இருக்கும், தரம் இருக்கும், வாப்பா மீன்பிடித் தொழிலாளி, உம்மா வெளிநாட்டில் என்பதும் இருக்கும். ஊரில் இதற்குப் பிறகு பெயர் எதற்கு? அந்தப் பிள்ளை மறுபடி பாடசாலைக்கு வருவதில்லை. நாங்கள் ஆசிரியர்கள் வரவு இடாப்பில் அதைக் காண்கிறோம்.

வராத செய்தி

இனி என் கணக்கு. பட்டம் முடித்து நியமனம் கிடைத்த தொடக்கத்தில், இரண்டு வருடம்போல ஒரு பத்திரிகைக்குப் பிராந்திய நிருபராக இருந்தேன். கிழக்கில் நிருபர்களாக இருந்த ஆசிரியர்கள் பலர். பிரசுரமான செய்திக்குத்தான் காசு. அடையாள அட்டை தந்தார்கள். அதுதான் பெரிய சம்பளம்.

ஒருநாள் ஊரிலுள்ள வன்பொருள் கடையொன்றில் பணம் காணாமல் போய், வேலை செய்த இளைஞன் கைதானான். பொலிஸில் கேட்டுக்கொண்டு வந்து ஒன்பது வரி எழுதினேன். பெயர், வயது, வீதி எல்லாம் போட்டேன். ‘நீண்டகாலமாகப் பணம் திருடி வந்தமை விசாரணைகளிலிருந்து தெரியவருகிறது’ என்றும் எழுதினேன். ‘நீண்டகாலமாக’ என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. வாக்கியம் நன்றாக ஓடியது, போட்டேன். கடைசி வரி வாசகர் அனைவருக்கும் மனப்பாடம்: மேலதிக விசாரணைகளைப் பொலிஸார் மேற்கொண்டு வருகின்றனர்.

மூன்று மாதத்தில் கணக்குப் புத்தகத்தில் பிழை என்று தெரிந்து, முதலாளியே முறைப்பாட்டை வாபஸ் வாங்கினார். எனக்குத் தெரியும். எழுதவில்லை. ஒரு மஃரிபுக்குப் பிறகு அவன் வீட்டுக்கு வந்தான். சண்டைக்கு வந்திருப்பான் என்று நினைத்தேன். வாசலில் நின்றபடியே, "போட்டத எடுக்கச் சொல்லல்ல சேர். விட்டதையும் போடுங்க" என்றான். "பாப்பம் தம்பி" என்றேன். பார்க்கவில்லை. அவன் கட்டாருக்குப் போய்விட்டான். நான் கொஞ்ச நாளில் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். மனச்சாட்சியால் என்று சொன்னால் அது இன்னொரு பொய்ச் செய்தியாகிவிடும். பாடசாலை வேலை கூடியதால்தான் விட்டேன். அவனது ‘விட்டதையும் போடுங்க’ என்ற சொல் பிறகுதான் உறைத்தது. எந்த ஒழுக்கக்கோவையும் அதைவிடச் சுருக்கமாக இதைச் சொல்லவில்லை.

இவ்விடத்தில் ஒரு நியாயமான மறுப்பு எழும். இந்நாட்டில் செய்திக்காக உயிரைக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களை வைத்துக்கொண்டு இலக்கணம் பேசலாமா என்பது அது. பேசத்தான் வேண்டும். மயில்வாகனம் நிமலராஜன் யாழ்ப்பாணத்தில் 2000 ஒக்டோபர் 19இல் ஊரடங்கு நேரத்தில் தன் வீட்டில் கொல்லப்பட்டார். அந்த ஆண்டுப் பொதுத்தேர்தல் முறைகேடுகளை அவர் செய்தியாக்கியிருந்தார். ஐயாத்துரை நடேசன் 2004 மே 31இல் மட்டக்களப்பில் சுடப்பட்டார். லசந்த விக்கிரமதுங்க 2009 ஜனவரி 8இல் கொல்லப்பட்டார். பலமுள்ளவர் செய்ததைச் செய்தவரின் பெயரோடு எழுதுவதற்கு இந்நாட்டில் கேட்கப்படும் விலை இது. அந்த விலையைக் கொடுக்க எல்லாராலும் முடியாது. யாரும் அதைக் கேட்கவும் கூடாது. ஆனால் பலமுள்ளவர் என்றால் எழுவாய் மறைகிறது, கடைப்பையன் என்றால் வீதியின் பெயரோடு வெளிப்படுகிறது. பயத்தை மன்னிக்கலாம். இந்த ஓரவஞ்சனையை மன்னிக்க முடியாது.

வரிக்குக் காசு வாங்கும் நிருபரை மட்டும் கூண்டில் ஏற்றுவதும் நீதியாகாது. மேசையில் இருக்கும் உதவி ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டிருந்தால் என் ‘நீண்டகாலமாக’ அச்சேறியிருக்காது. கைதைப் பிரசுரித்தவர் விடுதலையையும் அதே பக்கத்தில் பிரசுரிப்பது என்று ஒரு பத்திரிகை முடிவெடுத்தால், அதற்குப் பெரிய செலவில்லை. நாட்குறிப்பில் வழக்குத் திகதியைக் குறித்து வைத்தால் போதும். மதத்தைக் குறிக்கும் சொல்லை வெட்டிப் பார்த்து, செய்தி விழாமல் நின்றால் அந்தச் சொல் வேண்டாம் என்று விடலாம். வாசகருக்கும் ஒரு வேலை உண்டு. பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழுவுக்குத் தமிழிலும் எழுதலாம். ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் பத்திரிகைகளை ஏசும் நேரத்தில் ஒரு கடிதம் எழுதி முடித்துவிடலாம்.

அந்த மாணவனுக்கு அன்று நான் சொன்ன பதில் சரியானதல்ல. "அது பத்திரிகை வழக்கு, விட்டுட்டு அடுத்த வாக்கியத்தப் பார்" என்றேன். அடுத்த தவணையில் அதே நறுக்கை மறுபடியும் ஒட்டப்போகிறேன். அதன் பக்கத்தில் என்னுடைய ஒன்பது வரியும் இருக்கும், பெயரும் வீதியும் கறுப்பு மையால் மறைக்கப்பட்டு. எந்தச் சொல்லை யார் சொன்னார், எந்தச் சொல்லை எழுதியவர் தானே போட்டார் என்று பிள்ளைகள் கண்டுபிடிக்கட்டும். எழுதியவர் யார் என்று கேட்டால், எழுவாயை மறைக்காமல் சொல்வேன்.